பழங்குடி மக்களின் உரிமையும் நமது கடமையும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கைப்பொருள் ஏதுமின்றி, நம் சேரிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தரவேண்டும் என்னும் ஒரே எண்ணத்துடன் தொடங்கிய இக்கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இக்கழகத்தின் விளக்கொளியில் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் இப்பந்தலில் அமர்ந்திருப்பதைக் காண்கின்றேன். விழாவுக்கு இதனினும் வேறு அணி வேண்டுவதில்லை.

எனக்கு விழாக் குழுவினர் தந்த தலைப்பு "உலகப் பழங்குடி மக்களின் உரிமைகள்" என்பது. அழைப்பிதழைக் கண்ட நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், "நம்ம பிள்ளைகளுக்கே இன்னும் வழி பிறந்தபாடில்லை, மலையிலே இருக்கிறவர்களைப் பற்றி நமக்கு என்னப்பா பேச்சு?" என்று கேட்டார். அது தவறான கேள்வி அன்று. நம் மாவட்டத்தில் நார்த்தாமலையும் குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் உண்டெனினும், இது மலைநாடு அன்று; பழங்குடியினர் இங்கே மிகச் சிலர். ஆகவே அப்பெரியவரின் கேள்விக்கு விடை சொல்வதையே என் உரையாக அமைத்துக் கொள்கின்றேன்.

ஆதி என்னும் சொல்

முதலாவதாக, நம் பெயரையே எடுத்துக் கொள்வோம். 1922-ஆம் ஆண்டு எம்.சி. ராஜா அவர்கள் சென்னை சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியின் பயனாக, இழிவு தொனிக்க வழங்கிய பழைய பெயர்களை நீக்கி, "ஆதிதிராவிடர்" என்னும் பெயரை அரசு ஆவணங்களில் வழங்க ஆணை பிறந்தது. "ஆதி" என்றால் முதல். இந்த மண்ணின் முதற்குடி நாங்கள் என்று நம் முன்னோர் அன்று உரிமை கொண்டாடினர். வடக்கே பழங்குடி மக்கள் தங்களை "ஆதிவாசி" என்கின்றனர். இரு பெயரிலும் முன்னே நிற்பது ஒரே சொல். எனவே உலகெங்கும் "நாங்கள் இம்மண்ணின் முதல் மக்கள்" என்று முறையிடுகின்றவர்களின் குரல் நமக்கு அயற்குரல் ஆகாது.

இரு பிரிவினர் பட்ட துன்பமும் ஒன்றே என்று நான் கூற வரவில்லை. நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள்; ஆனால் ஊரைவிட்டுப் போகவும் விடவில்லை. நிலம் இல்லாதவனாய், அடுத்தவன் நிலத்தில் உழைப்பவனாய் நம்மைக் கட்டி வைத்தார்கள். பழங்குடி மக்களுக்கோ நிலம் இருந்தது, காடு இருந்தது, தமக்கென ஒரு முறை இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் போன்ற சட்டங்களால் ஒரு நாள் அந்தக் காடு அரசின் காடு ஆயிற்று. நேற்று வரை கிழங்கு அகழ்ந்தவனும் தேன் எடுத்தவனும் இன்று அத்துமீறி நுழைந்தவன் ஆனான். நம்மிடம் நிலத்தைத் தராமல் வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்தார்கள். நோய் இரண்டு, அவற்றுக்கு வேர் ஒன்று. ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைப் பார்த்து, "உன் வாழ்வைப் பற்றி முடிவு செய்யும் தகுதி உனக்கில்லை" என்று சொல்லுவதே அந்த வேர்.

1992: ஒரே ஆண்டு, இரு காட்சிகள்

இங்கே அமர்ந்துள்ள மூத்தோருக்கு 1991, 1992-ஆம் ஆண்டுகள் நினைவிருக்கும். அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தை ஒரு திருவிழாவைப் போல் எழுப்பிய காலம் அது. அந்நாள் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முனைப்பில், பல்லாயிரம் தொண்டர்கள் ஊர் ஊராய்ச் சென்று எழுத்தறிவித்தார்கள். பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னே பிள்ளையையும் முன்னே தண்ணீர்க் குடத்தையும் வைத்து மிதித்துச் சென்ற நம் தாய்மாரைக் கண்டு நாடே வியந்தது. கல்லுடைக்கும் பெண்கள் குழுவாய்ச் சேர்ந்து கல் குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்தார்கள். அரசு நல்ல உள்ளத்துடன் கை நீட்டினால் என்னென்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. அந்நாளில் நானும் ஒரு தொண்டனாய், அரிக்கன் விளக்கின் அருகே அமர்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன்.

அதே 1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் நாள், அதே தமிழ்நாட்டில், தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் சிற்றூரில் நடந்ததைக் கேளுங்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் ஊர் அது. சந்தனக் கட்டை பதுக்கப்பட்டிருக்கிறது என்று கூறி, வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள் அவ்வூரில் புகுந்தனர். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். பதுக்கிய கட்டையைக் காட்டச் சொல்லி, 18 பெண்களை ஏரிப் பக்கம் அழைத்துச் சென்று பாலியல் வன்கொடுமை செய்தனர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் ஒருத்தி. வீடுகள் இடிக்கப்பட்டன. தானியம் பாழாக்கப்பட்டது. ஆடு மாடுகள் கொல்லப்பட்டன. குடிநீர்க் கிணறும் பயன்படாதவாறு கெடுக்கப்பட்டது. 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள், ஆக 133 பேர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

தோழர்களே, அந்த ஆனி மாதத்தில் நான் இங்கே "அ" எழுதக் கற்பித்துக் கொண்டிருந்தேன். வாச்சாத்தி என்னும் ஊரின் பெயரையும் நான் அறியேன். பின்னாளில் செய்தித்தாளில் படித்தபோதும், "எங்கோ மலையில்" என்று தாளை மடித்து வைத்தவர்களுள் நானும் ஒருவன். இதை வெட்கத்துடன் இந்த மேடையில் ஒப்புக் கொள்கின்றேன்.

ஒரே ஆண்டு, ஒரே அரசு, ஒரே சட்டப் புத்தகம். நம் மாவட்டத்தில் அரசு ஏழைப் பெண்ணின் கையில் பலகையையும் மிதிவண்டியையும் கொடுத்தது. வாச்சாத்தியில் அதே அரசின் ஊழியர் ஏழைப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பினர். எதனால் இந்த வேறுபாடு? இங்கே நல்ல அதிகாரிகள் வாய்த்தார்கள்; அங்கே வாய்க்கவில்லை என்று கூறி அமைந்துவிடலாமா? அப்படியானால் நம் வாழ்வு யாருடைய கையில் இருக்கிறது? நம் மாவட்டத்திலும் அந்த எழுச்சி ஓய்ந்த பிறகு, குவாரிகளைப் பிடிக்கப் பழைய ஒப்பந்தக்காரர்கள் திரும்பி வர முயன்றதை நாம் கண்டோம். நல்லவர் வந்தால் கிடைத்து, அவர் மாறுதலாகிச் சென்றால் போய்விடுவது சலுகை. எவர் வந்தாலும் கிடைத்தே தீர வேண்டியது உரிமை. இன்று நான் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றுதான். பழங்குடி மக்கள் உலகெங்கும் கேட்பது இந்த இரண்டாவதையே.

நீதி வந்த வழி

வாச்சாத்திக்கு நீதி தானாக வரவில்லை. அரசுத் தரப்பு தொடக்கத்தில் நடந்ததையே மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குள் சென்று, சிதறி ஓடி மலையில் பதுங்கியிருந்தவர்களைக் கண்டு, நடந்ததை வெளியே கொண்டு வந்தனர். அப்பணியில் பெ. சண்முகம் முதலானோர் முன்னின்றனர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கை உண்மையை நிலைநாட்ட உதவியது. 1995-இல் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது. அந்தப் பெண்கள் சீருடைக்காரர்களின் முகத்துக்கு நேரே நின்று, "இவன்தான்" என்று அடையாளம் காட்டினார்கள்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டின்போது நீதியரசர் பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்வையிட்டார். 2023-ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும், அந்நாளைய மாவட்ட உயர் அதிகாரிகள் மீது நடவடிக்கையும் வேண்டுமென ஆணையிட்டது. நடந்த நாளிலிருந்து முப்பத்தொரு ஆண்டுகள்! அன்று பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்தவளுக்கு, தீர்ப்பு உறுதியானபோது நாற்பத்து நான்கு வயது.

மாணவர்களே, இதில் நீங்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் குற்றவாளிகள் மீது சாட்டப்பட்ட சட்டங்களுள் ஒன்று, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நாம் காவல் நிலையத்தில் எந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி நீதி கேட்கிறோமோ, அதே சட்டம்தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என இருவரின் பெயரையும் ஒரே வரியில் தாங்கி நிற்கும் சட்டம் அது. வாச்சாத்தியின் கிணறு கெடுக்கப்பட்டது 1992-இல். முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டி நீரில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது கண்டு நாடே தலைகுனிந்தது. வழக்கின் போக்கு ஒருபுறம் இருக்கட்டும். குடிநீரைக் கெடுத்தால் ஒரு மக்களை அவமானப்படுத்தலாம் என்னும் எண்ணம் மலையிலும் ஒன்றுதான், சமவெளியிலும் ஒன்றுதான். இனி, "மலையில் இருப்பவர்கள் நமக்கு யார்?" என்று நாம் கேட்க இயலுமா?

உலக மன்றத்தின் வாயிலில்

இக்கதை நம் நாட்டோடு முடிவதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் கணக்கின்படி, உலகில் 90 நாடுகளில் சுமார் 47 கோடியே 60 லட்சம் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய முறையீட்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

1923-இல், வட அமெரிக்காவின் செவ்விந்தியத் தலைவர் டெஸ்காஹே என்பவர், தம் மக்களின் ஆட்சியுரிமையை எடுத்துச் சொல்ல ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்தை நாடினார். உள்ளே பேச அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சார்பில் சென்ற ரட்டானா என்பவரும் அவ்வாறே திரும்பினார். தேநீர்க் கடையின் வாயிலில் நின்றே பழகிய நமக்கு, உலக மன்றத்தின் வாயிலில் நின்ற அவர்களின் நெஞ்சம் புரியாமல் போகாது.

1982-இல்தான் ஐக்கிய நாடுகள் அவை பழங்குடி மக்கள் குறித்து ஒரு செயற்குழுவை அமைத்தது. அக்குழு முதலில் கூடிய ஆகஸ்ட் 9-ஆம் நாளே இன்று உலகப் பழங்குடியினர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சொல்லுக்குச் சொல் வாதாடி, நாட்டுக்கு நாடு மன்றாடி, 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. 144 நாடுகள் ஆதரித்தன. 11 நாடுகள் நடுநிலை வகித்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் எதிர்த்தன. பழங்குடி மண்ணில் குடியேறிப் பெருவாழ்வு பெற்ற நாடுகள் இவை. பின்னர் இந்நான்கும் தம் நிலையை மாற்றிக் கொண்டன. 1982 முதல் 2007 வரை இருபத்தைந்து ஆண்டுகள். நம் கழகத்தின் அகவை எத்தனையோ, அத்தனை ஆண்டுகள் அவர்கள் அந்த ஒரு தாளுக்காக உழைத்தார்கள்.

அந்தப் பிரகடனத்தில் 46 உறுப்புகள் உள்ளன. அவற்றுள் மூன்றை மட்டும் உங்கள் மனத்தில் பதிக்க விரும்புகின்றேன். ஒன்று, பழங்குடி மக்களை அவர்களின் இசைவின்றி அவர்தம் நிலத்திலிருந்து அகற்றலாகாது. அந்த இசைவும் அச்சுறுத்தாமல் பெற்றதாய், முன்கூட்டியே பெற்றதாய், முழு விவரமும் அறிந்து தந்ததாய் இருக்க வேண்டும். இரண்டு, தம் மொழியில், தம் முறையில் கல்வி நிலையங்களை அமைத்து நடத்த அவர்களுக்கு உரிமை உண்டு. மூன்று, தாம் யார் என்பதைத் தாமே சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

முதலாவதை நம் மண்ணில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். நம் மாவட்டத்தில் பார்க்கும் இடமெல்லாம் தைலமரக் காடு. இதனால் நிலத்தடி நீர் குன்றுகிறது, குளத்துக்கு நீர் வருவதில்லை என்று ஊர் ஊராய் முறையிடுகிறோம். அந்தக் கன்றுகளை நட்டபோது, "உங்கள் ஊரில் இதை நடலாமா?" என்று ஆடு மேய்த்தவரை யாரேனும் கேட்டார்களா? அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்டாக வேண்டும் என்பதே இசைவு என்னும் கொள்கை.

நம் நாட்டின் நிலை

இந்தியா அப்பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயினும், விடுதலையின்போது இந்நாட்டில் இருந்த மக்கள் அனைவரும் பழங்குடிகளே என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துக் கொண்டது. எல்லாரும் முதற்குடி என்றால், எவருக்கும் தனியுரிமை இல்லை என்றாகிவிடும். சாதிக் கொடுமையைப் பற்றி 2001-இல் டர்பன் நகரில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் நம்மவர் முறையிடச் சென்றபோது, சாதி வேறு, இனம் வேறு என்று கூறி அப்பேச்சைத் தடுக்க முயன்றதும் இந்திய அரசுதான். வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லாதே என்பது இரு பிரிவினர்க்கும் கிடைத்த ஒரே விடை.

மற்றொன்றையும் கூற வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957-இல் 107-ஆம் எண் உடன்படிக்கையைச் செய்தது. இந்தியா 1958-இல் அதை ஏற்றது. பழங்குடியினரைப் பாதுகாத்து, மெல்ல மெல்லப் பெரும்பான்மையோடு கலந்துவிடச் செய்வதே அதன் நோக்கு. இதன் குறையை உணர்ந்து, அதே அமைப்பு 1989-இல் 169-ஆம் எண் உடன்படிக்கையை இயற்றியது. அது அவர்களின் தனித்தன்மையையும் நில உரிமையையும் ஏற்றது. இதை இந்தியா இதுவரை ஏற்கவில்லை. முன்னது அவர்களைக் கைப்பிடித்து நடத்தும் சலுகை. பின்னது அவர்கள் தம் காலால் நடக்கும் உரிமை. நம் நாடு முன்னதோடு நின்றுவிட்டது.

இருட்டு மட்டுமே என்று நினைக்க வேண்டா. 2006-இல் நம் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பழங்குடி மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அச்சட்டத்தின் முகப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. உரிமையைப் புதிதாய்க் "கொடுக்கிறோம்" என்று சொல்லாமல், முன்பே இருந்த உரிமையை "ஏற்றுக் கொள்கிறோம்" என்ற பொருளில் அது அமைந்துள்ளது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்ட முற்பட்டபோது, கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. கூட்டிய 12 கிராம சபைகளும் வேண்டா என்றன. எழுதப் படிக்கத் தெரியாத டொங்கிரியா கோந்து மூதாட்டிகள் நீதிபதியின் முன்னிலையில் தங்கள் மலையைப் பற்றிப் பேசினார்கள், சுரங்கம் நின்றது.

தமிழ்நாட்டிலோ, வழக்குகளால் வனப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகே நகரத் தொடங்கியது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என அறிவிக்கப்பட்ட நிலம் நம் மாநிலத்தில் ஓர் அங்குலமும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவரே. நாம் நூற்றுக்கு இருபது பேர். வாக்குப் பெட்டியில் நம் குரலே மெலிந்து ஒலிக்கிறது என்றால், அவர்கள் குரல் எப்படி ஒலிக்கும்?

பட்டியலும் சான்றிதழும்

நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்ணை நீங்கள் அன்றாடம் காண்கிறீர்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-இல் பரிந்துரைத்தது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையே ஐம்பத்தேழு ஆண்டுகள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் கல்லூரி வாயிலைக் காணாமலே தாத்தா பாட்டி ஆயினர்.

பட்டியலில் பெயர் ஏறினால் போதுமா? சான்றிதழ் வேண்டுமே! நமக்குச் சாதிச் சான்று தருபவர் வட்டாட்சியர். பழங்குடியினருக்கோ, 1989 முதல் கோட்டாட்சியர் நிலையில் விசாரணை செய்தே சான்று தரப்படுகிறது. போலிகளைத் தடுக்க எழுந்த ஏற்பாடு அது. ஆனால் உண்மையானவர்களே அதில் சிக்கி அலைகின்றனர். "உன் தாய்மொழி என்ன? உன் குலதெய்வம் எது? வேட்டைக்குப் போவாயா?" என்று கேள்விகள். காலில் செருப்பும் கையில் புத்தகமும் இருந்தால், "நீ பழங்குடியைப் போல் இல்லையே" என்கிறார்கள். படிக்காதிருந்தால்தான் பழங்குடி என்பது எத்தகைய நீதி? பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், அந்த ஒரு தாள் இல்லாமல் செங்கல் சூளைக்குப் போன பிள்ளைகள் உண்டு. தாம் யார் என்று தாமே சொல்லும் உரிமை என்று ஜெனீவாவில் எழுதிய வரி, நம் கோட்டாட்சியர் அலுவலகத்தின் மரப்பலகையில் காத்திருக்கும் மாணவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நாமும் திருந்த வேண்டியது

பிறரைக் குறை கூறியது போதும், நம்மையும் பார்ப்போம். 1936-இல் எழுதிய "சாதி ஒழிப்பு" என்னும் நூலில், பழங்குடி மக்களை இத்தனை காலம் கைவிட்டு வைத்ததற்காக இந்து சமூகத்தைக் கடுமையாகக் கேட்டவர் நம் அண்ணல் அம்பேத்கர். அவரே 1945-இல் பம்பாயில் நிகழ்த்திய உரையில், பழங்குடியினர் அரசியல் வாய்ப்பைப் பயன்படுத்தும் அளவுக்கு இன்னும் அரசியல் உணர்வு பெறவில்லை என்னும் கருத்தையும் கூறினார். அடுத்த ஆண்டு டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா எழுந்தார். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். பழங்குடியினருக்கு நீங்கள் சனநாயகம் கற்பிக்க வேண்டா, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்க வேண்டும் என்னும் பொருள்படப் பேசினார். நியமகிரியின் பன்னிரண்டு கிராம சபைகள் அவர் சொல்லை மெய்ப்பித்தன. தலைவரைப் போற்றுவது என்பது, அவர் சொன்னதையும் ஆராய்ந்து பார்க்கும் அறிவைப் பெறுவதே. அந்த அறிவை நமக்குத் தந்தவரும் அவரே அல்லவா?

நம் தெருவில் குறவர் வீட்டுப் பிள்ளை தண்ணீர் கேட்டால், நாம் எந்தப் பாத்திரத்தில் தருகிறோம்? அவர்கள் பிள்ளையும் நம் பிள்ளையும் பள்ளியில் ஒரே வரிசையில் அமர்ந்தால் நம் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? விடையை உங்கள் உள்ளத்துக்கே விட்டுவிடுகின்றேன். நமக்கு மேலே உள்ளவன் செய்வதை நமக்குக் கீழே ஒருவனைத் தேடிச் செய்தால், நாம் படித்த படிப்பு வீண்.

கழகத்துக்கு மூன்று வேண்டுகோள்

இக்கழகம் இருபத்தாறாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வேளையில், மூன்று வேண்டுகோள்களை நிர்வாகிகள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, நம் மாலை வகுப்புகளின் கதவு நரிக்குறவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும், மற்றப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். அவர்கள் வர மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். நம்மைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டாவது, சான்றிதழ் பெறுவதில் துணை நிற்க வேண்டும். இக்கழகத்தில் படித்து வழக்கறிஞரானவர்கள், அலுவலகங்களில் பணிபுரிபவர்கள் ஒரு குழுவாகச் சேருங்கள். ஒவ்வொரு ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே அக்குடியிருப்புகளுக்குச் செல்லுங்கள். விண்ணப்பம் எழுதுங்கள், நாள் குறித்து வையுங்கள், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள், மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் வாங்கிக் கொடுத்தால், அந்தக் குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கு வழி திறந்ததாகும்.

மூன்றாவது, அவர்களுக்காக நாமே பேசிக் கொண்டிராமல், அவர்களைப் பேசவிட வேண்டும். வாச்சாத்தியில் சங்கத்தார் மனு எழுதினர். ஆனால் "இவன்தான்" என்று விரல் நீட்டியவர்கள் அந்தப் பெண்களே. நீதிமன்றத்தை அசைத்தது அந்த விரல். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், இதே பந்தலில், என் இடத்தில் ஒரு பழங்குடிப் பெண் நின்று பேச வேண்டும். நான் கீழே அமர்ந்து கேட்க வேண்டும். இதுவே என் அவா.

கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் இங்கே முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். ஐயா, உங்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். நாம் நம் பிள்ளைகளுக்காகக் கட்டிய இந்தக் கூரை, நமக்கு மட்டும் என்றால் சலுகையாய்ச் சுருங்கிவிடும். நனைகின்ற எவருக்கும் என்றால் உரிமையாய் நிலைபெறும். வாச்சாத்தி என்னும் பெயரைக் கேட்டும் அன்று தாளை மடித்து வைத்தவன் நான். இனி நம் கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளையும் அவ்வாறு தாளை மடித்து வைக்கலாகாது.